நாரி நோவுக் குறிப்பு பற்றி ஓர் இளம் டொக்டருக்கு



மருதமுனை நெசவாளியின் நாரி நோவு பற்றி நீங்கள் அனுப்பிய குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். ஒவ்வொரு கிளினிக்கிலும் மலச்சிக்கலைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கொடுக்கும் நோவுக் குளிசையான ட்ரமடோலோடு டயஸிபாமும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம் என்று கவனித்திருக்கிறீர்கள். உங்கள் வயதில் இவ்வளவு கூர்மையாக எழுதியவரை நான் கண்டதில்லை.

ஆனால் "நோவு 7/10, ரிப்பீட்" என்று மாதத்துக்கு மாதம் எழுதியிருப்பதைக் கண்டதும் கோபம் வந்துவிட்டது. அந்த 7 என்ற எண்ணை வைத்து நான் என்ன செய்வது? அவர் தறியில் எவ்வளவு நேரம் இருக்கிறார்? சுஜூதுக்குக் குனிகிறாரா, கதிரையில் இருந்து தொழுகிறாரா? இரவில் தூங்குகிறாரா? உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த, நோவுக்கேற்ப மருந்தைப் படிப்படியாகக் கூட்டும் வலி ஏணி புற்றுநோயாளருக்கானது. நாம் அதை நாரி நோவுக்கும் எடுத்துக்கொண்டோம். வருடக்கணக்கில் வாழப்போகிறவருக்கு நோவு தணிந்தால் மட்டும் போதாது, எழும்பி நடமாடவும் வேண்டும். மருந்து தொடங்கிய பிறகும் தறி ஓடவில்லையென்றால், இந்தக் குளிசை எதற்கு என்று உங்கள் குறிப்பே கேட்க வேண்டும்.

ரமழான் மாதத்திலும் அதே "ரிப்பீட்"! பகல் குளிசையை விட்டுவிட்டு, நோன்பு திறந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்குகிறவர்கள் நம்மூரில் இல்லையா? ட்ரமடோல் அளவு மீறினால் வலிப்பு வரலாம். எத்தனை, எப்போது விழுங்கினார் என்று கேட்டே எழுதுங்கள்.

கடைசி வரியில் குளிசையை "அடுத்த மாதம் நிறுத்துவேன்" என்கிறீர்கள். அப்படித் திடீரென வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, முகாமாகியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மூத்தம்மா ஒருவரைப் பார்த்தேன். வியர்வை, வயிற்றோட்டம், நடுக்கம். கிளினிக் கொப்பியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "வெள்ளைக் குளிசை, நோவுக்கு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நெடுநாள் எடுத்த மருந்து திடீரென நின்றுபோனதன் துன்பம் அது. ஊகித்துத்தான் வைத்தியம் பார்த்தோம். என்ன மருந்து, எவ்வளவு, எதற்காக, எப்போதிருந்து என்று ஆஸ்பத்திரிப் பதிவிலும் ஒரு வரி இருந்திருந்தால் அவர் அப்படி அவதிப்பட்டிருக்க மாட்டார். இப்படித் திடீரென நிறுத்துவதன் ஆபத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல்தான் வெளிப்படையாக எச்சரித்தது.

ஆகவே படிப்படியாகக் குறையுங்கள். அந்தத் திட்டத்தை அவருக்கும் வீட்டாருக்கும் விளங்கப்படுத்தி, கொப்பியிலும் பதிவிலும் எழுதுங்கள். அடுத்த குறிப்பில் தறியையும் தொழுகையையும் முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள், காத்திருப்பேன்.