இறுகிப் போன ஒயில் பில்டரைக் கழற்றுவது எப்படி?



சென்ற இதழில் கோழிக்கூடு பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த தம்பிமார் சிலர், "எங்களுக்குப் பயன்படுவதாகவும் ஏதாவது எழுதுங்கள் ஐயா" என்று பிரட்டுக்களத்திலேயே கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு நம் லயங்களில் பழைய மாருதி காரோ, வேனோ, சின்ன லொறியோ வைத்து ஹயர் ஓடிப் பிழைக்கிற குடும்பங்கள் பல. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்கள் மீண்டும் வர ஆரம்பித்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த பழசுகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். செலவைக் குறைக்க ஒயில் மாற்றுகிற வேலையை வீட்டு வாசலிலேயே செய்யவும் பழகிக் கொண்டோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வேலையில் பில்டர் என்ற சின்ன டின் ஒன்று பெரிய ஆளையும் அழ வைத்துவிடும்.

எங்கள் டிவிஷனில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு தம்பி 796 சிசி மாருதி ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓட்டுகிறார். சாதாரண தரப் பரீட்சைக்கு நம் பிள்ளைகள் நாலு பேரைத் திங்கட்கிழமை காலையில் டவுனுக்குக் கொண்டுபோகிறேன் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி நடுவழியில் நிற்கக்கூடாதே என்று சனிக்கிழமை பின்னேரம் ஒயில் மாற்ற உட்கார்ந்தார். பழைய ஒயிலை முழுதும் வடித்துவிட்டார். அதற்குப் பிறகு பில்டரில் கை வைத்தால் அது அசையவே இல்லை. துணி சுற்றித் திருகினார். மச்சானைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகத் திருகினார்கள். கை சிவந்ததுதான் மிச்சம். இருட்டியும் விட்டது. கடைசியில் நீட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பில்டருக்குள் அடித்து இறக்கி, அதைப் பிடித்துத் திருப்பினார்கள். பில்டர் சுழலவில்லை. தகரம்தான் கருவாட்டு டின் கிழிகிற மாதிரிக் கிழிந்து போனது.

அப்போது டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நாம்தான். "இன்னொரு பக்கமும் குத்திப் பார்" என்று யோசனை சொன்னதும் நாம்தான். ஆகவே இந்தப் பாடத்தைப் படித்துத் தேர்ந்தவர்கள் என்று எழுதவில்லை. பிழை விட்ட ஆட்களாகத்தான் எழுதுகிறோம்.

பில்டர் ஏன் இறுகுகிறது? எஞ்சினுக்குள் ஓடும் ஒயில் கரியையும் இரும்புத் தூளையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. பில்டருக்குள் மடித்து வைத்திருக்கும் கடதாசி அதைப் பிடித்துக்கொள்கிறது. பில்டரின் வாயில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. எஞ்சினோடு ஒட்டி ஒயில் ஒழுகாமல் தடுப்பது அதுதான். புது பில்டரைப் பூட்டும்போது அந்த ரப்பரில் ஒயில் தடவாமல் காய்ந்தபடியே பூட்டினால், எஞ்சின் சூட்டில் ரப்பர் இரும்போடு ஒட்டிக் காய்ந்துவிடும். "நல்லா இறுக்கினால்தான் ஒழுகாது" என்று ரென்ச் போட்டு இறுக்கியிருந்தால் இன்னும் மோசம். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டாலும் இதே கதிதான். பில்டர் அடைத்துப் போனால் வண்டி உடனே நிற்காது. உள்ளே சின்ன வால்வு ஒன்று திறந்து, வடிக்காத ஒயிலையே எஞ்சினுக்கு அனுப்பும். வண்டி ஓடுவது போலத்தான் இருக்கும். உள்ளே எஞ்சின் தேய்ந்துகொண்டிருக்கும்.

(திரீவீல் வைத்திருப்பவர்களுக்கு: பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த மாதிரி பில்டர் கிடையாது. டின் மாதிரி வெளியே தெரியும் பில்டர் உள்ள கார், வேன், சின்ன லொறிகளுக்கே இந்தப் பாடம்.)

இப்போது வேலைக்கு வருவோம். நம் லயத்து வாசல்கள் எல்லாம் சரிவு. வண்டியைச் சமமான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வெறும் ஜெக்கை நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடவே கூடாது. ஜெக் சறுக்குவது ஒரு நொடி வேலை. சீமெந்துக் கல்லும் செங்கல்லும் திடீரென்று பொடிந்துவிடும், அவற்றையும் முட்டுக் கொடுக்க வைக்கக்கூடாது. இரும்பு ஸ்டேண்ட் இரண்டு கடன் வாங்கியாவது வையுங்கள். கீழே போகாமல் மேலிருந்தே கை எட்டுகிற வண்டி என்றால் இந்தத் தொல்லை பாதி குறையும். பிள்ளைகளை ஸ்தோப்பிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூடு இருந்தால் ஒயில் இளகும், ரப்பரும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். தூர ஓடிவிட்டு வந்த வண்டியில் உடனே கை வைக்க வேண்டாம். ஒயிலும் சுடும், சைலன்சர் குழாயும் சுடும். அப்படியும் சுட்டுவிட்டால் ஒயிலைத் துடைத்துவிட்டு, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

அடுத்து சொல்லப் போவதை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசியுங்கள். ஒயிலை வடிப்பதற்கு முன்பே பில்டர் அசைகிறதா என்று பாருங்கள். எல்லாரும் முதலில் கீழே இருக்கும் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்துவிட்டுத்தான் பில்டருக்கு வருவார்கள். எங்கள் தம்பி செய்ததும் அதுதான். பில்டர் அசையாவிட்டால் பிறகு வண்டியை எடுக்கவும் முடியாது, கராஜுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஒயில் உள்ளே இருக்கும்போதே முயன்று பார்த்தால், முடியாதபோது வண்டியை ஓட்டிக்கொண்டே பாஸிடம் போய்விடலாம். கொஞ்சம் இளகினால் சந்தோஷம். அதை அப்படியே விட்டு, ஒயிலை வடித்துவிட்டுப் பிறகு முழுதாகக் கழற்றுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பில்டரின் அடித் தகரத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தால் இடப்பக்கம், ஜாம் போத்தல் மூடியைத் திறக்கிற மாதிரி. மல்லாந்து படுத்துக்கொண்டோ, மேலிருந்து கையைத் தலைகீழாக விட்டோ செய்யும்போது இது மாறித் தெரியும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிட்டவர்கள் உண்டு. ஆகவே சோக்குக் கட்டியால் பில்டரின் மேலேயே அம்புக்குறி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பில்டரின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கையும் காய்ந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பாதி பில்டர்கள் இதிலேயே கழன்று வந்துவிடும்.

வராவிட்டால் பெல்ட் முறை. கால்சட்டைக்குப் போடுகிற பழைய தோல் பெல்ட் போதும். எமரி பேப்பர் ஒரு துண்டை, சொரசொரப்பான பக்கம் தகரத்தில் படும்படி பில்டரைச் சுற்றி வையுங்கள். அதன் மேல் பெல்ட்டைச் சுற்றி, நுனியைக் கொக்கிக்குள் விட்டு இழுங்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் இழுக்க இழுக்கப் பெல்ட் இறுக வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வழுக்கும், அவ்வளவுதான். மீதி நீளத்தை ஒரு வீல் ஸ்பெனர் கம்பியில் சுற்றிக்கொண்டால் நெம்புவதற்கு நல்ல பிடி கிடைக்கும். பெல்ட்டை எஞ்சின் பக்கமாக, அதாவது பில்டரின் வாய்ப்பக்கம் ஒட்டிப் போடுங்கள். அங்கேதான் உள்ளே தடித்த இரும்புத் தட்டு இருக்கிறது. நுனியில் போட்டால் மெல்லிய தகரம் நசுங்கி, பிடியும் போய்விடும். வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து அப்படியே பிடித்திருங்கள். 'டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் தீபாவளி அட்வான்ஸ் கிடைத்த மாதிரி இருக்கும்.

கடையில் இதற்கென்றே சங்கிலி ரென்ச், பட்டி ரென்ச், தொப்பி மாதிரி மாட்டுகிற ரென்ச் எல்லாம் விற்கிறார்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம். தொப்பி ரென்ச் மட்டும் உங்கள் பில்டரின் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர் குத்துவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். குத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டை போட்ட நிமிடத்திலிருந்து அந்த வண்டி ஓடாது. கிழிந்த தகரம் கவ்வாத்துக் கத்தி மாதிரி கையை அறுக்கும். எங்கள் அபிப்பிராயம், புது பில்டர் கையில் இல்லாமலும் மறுநாள் அவசரப் பயணம் இருக்கும்போதும் குத்தவே வேண்டாம் என்பதுதான்.

கிழிந்தே போய்விட்டால்? எங்கள் கதையின் மீதி அதுதான். ஞாயிறு காலையில் பெக்டரி பிட்டர் அண்ணன் வந்தார். தொங்கிக்கொண்டிருந்த தகரத்தை வெட்டி எடுத்தார். எஞ்சினோடு ஒட்டியிருந்த தடித்த வட்டத் தட்டு மட்டும் மிஞ்சியது. அதன் ஓரத்தில் சின்ன உளியைச் சாய்வாக வைத்து, கழற்றுகிற பக்கமாகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினார். எஞ்சின் முகத்தில் உளி பட்டுக் கீறிவிட்டால் எந்தப் பில்டர் போட்டாலும் ஒழுகும் என்பதால் அவ்வளவு நிதானம். முக்கால் மணி நேரத்தில் தட்டு இளகியது. அவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பினோம்.

அவர் போன பிறகு இரண்டாவது பிழை விட்டோம். புது பில்டரைப் பூட்டி, ஒயில் ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் கீழே ஒயில் கொட்டியது. ஒழுகல் இல்லை, பீலியில் தண்ணீர் விழுகிற மாதிரி கொட்டியது. தம்பியின் மனைவி வாசலில் நின்று கத்தியதால்தான் உடனே நிறுத்தினோம். பார்த்தால், பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் மேல் புது ரப்பர். இரண்டு ரப்பர் சேர்ந்தால் ஒயிலின் அழுத்தத்துக்கு நிற்காது, பிதுங்கிவிடும். ரோட்டில் இது நடந்திருந்தால் ஒயில் இல்லாமல் எஞ்சின் பிடித்திருக்கும். லீசிங் கட்டி முடிக்காத வண்டி.

ஆகவே பில்டர் வந்தவுடன் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால் எஞ்சினில்தான் ஒட்டியிருக்கிறது. கருப்பு இரும்பில் கருப்பு ரப்பர் கண்ணுக்குத் தெரியாது. விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். கத்தியால் சுரண்டாமல் மரக்குச்சியால் எடுத்து, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள்.

புது பில்டரின் ரப்பரில் புது ஒயிலை விரலால் தடவிக் கையாலேயே சுற்றிப் பூட்டுங்கள். ரப்பர் எஞ்சினைத் தொட்ட பிறகு, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பில்டரிலோ பெட்டியிலோ எழுதியிருக்கும். பெரும்பாலும் முக்கால் சுற்று. அது கையாலேயே முடியும். பூட்டுவதற்கு ரென்ச் வேண்டாம். இந்த முறை ரென்ச் போட்டால் அடுத்த முறை மறுபடியும் இந்தப் பாடத்தைத் தேட வேண்டி வரும்.

கீழ் நட்டைப் பூட்டி, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஒயில் லைட் சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு ஆள் ஸ்டார்ட் செய்ய, இன்னொரு ஆள் பில்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. பிறகு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, ஒயில் குச்சியைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் நிற்க வேண்டும், மேல் கோட்டைத் தாண்டக்கூடாது.

தம்பி அன்று டவுனுக்குப் போய் இன்னொரு போத்தல் ஒயில் வாங்கி வந்து, இரவு எட்டு மணிக்கு வேலையை முடித்தார். திங்கள் காலை ஆறு மணிக்கு நாலு பிள்ளைகளும் வண்டியில் ஏறினார்கள். அவர் முகத்தில் தூக்கமே இல்லை.

இன்னும் ஒரு காரியம் பாக்கி. சனிக்கிழமை வடித்த பழைய ஒயிலை அவர் லயத்துக்குப் பின்னால் கானில் ஊற்றியிருந்தார். கான் போய்ச் சேருவது கீழ் லயத்துப் பீலிக்கரையில். செவ்வாய்க்கிழமை கொழுந்துக்குப் போகுமுன் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், வாளியில் வானவில் மாதிரி மிதப்பதைப் பார்த்து நேரே நம்மிடம் வந்துவிட்டார்கள். சரியாகத்தான் ஏசினார்கள். பழைய ஒயிலைக் கானிலோ தேயிலை மலையிலோ ஊற்றாதீர்கள். அடுப்பு பற்றவைக்கவும், மாட்டுப் புண்ணுக்குப் பூசவும் எடுக்காதீர்கள். வருடக்கணக்கில் தோலில் பட்டுக்கொண்டிருந்தால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஒயில் ஊறிய துணியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். கழற்றிய பில்டருக்குள்ளும் ஒயில் நிற்கும். ஒரு நாள் முழுதும் கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள்.

வடித்த ஒயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, "பழைய ஒயில்" என்று பெரிதாக எழுதி டிவிஷன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்ததும் டவுன் சேர்விஸ் ஸ்டேஷனுக்கு லொறியில் அனுப்புகிறோம். தண்ணீர் போத்தலில் மட்டும் கொண்டு வர வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடும். பட்டி ரென்ச் ஒன்றும் நலன்புரி அறையில் வாங்கி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், மறுநாள் துடைத்துத் திருப்பித் தாருங்கள்.