பல்லில் எழுதிய தண்ணீர்



அதியமான்கோட்டையைச் சுற்றிய நல்லம்பள்ளி வட்டாரத்தில் சில பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்காக ஓடும் பழுப்புக் கறையை, ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்ததென்று பலர் கருதிவிடுகின்றனர். அது பெரும்பாலும் குடித்த தண்ணீரால் வந்த கறை. தருமபுரி மாவட்டத்துப் பாறைகளிலுள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் பருகுவோருக்குப் பல்லும் எலும்பும் கெடுவதே புளோரோசிஸ் எனப்படும் நோய்.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், பல் முளைக்கும் முன்பே ஈறுக்குள் உருவாகிவிடுவதால், ஏறத்தாழ எட்டு வயதுக்குள் குடித்த நீரின் விளைவுதான் பின்னர் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெண்கோடுகளாகவும் பழுப்புத் திட்டுகளாகவும் வெளிப்படுகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. விடை தெரிந்திருந்தும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் பிள்ளைக்கு இது உடல்நலக் குறை மட்டுமன்று, கல்விக் குறையும் ஆகும். பற்கறையைப் பல் மருத்துவர் பூச்சிட்டு மறைக்கலாம். எலும்பில் படிந்து மூட்டை இறுக்கிவிட்ட புளோரைடை அகற்றவோ மருந்தில்லை.

வீட்டில் காய்ச்சினாலும் புளோரைடு நீங்காது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இப்படித் தனிக் குடும்பத்தால் தீர்க்க இயலாததைப் பொதுப் பணத்தால் தீர்க்க முனைவதே பொதுக்கொள்கை. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. பெயரிலேயே நோயைத் தாங்கிய இத்திட்டம், மருத்துவமனையால் ஆகாததைக் குழாயால் செய்ய முனைந்தது என்பதே அதன் பெருமை.

ஆயினும் காவிரி நீர் போதாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தால், புளோரைடும் திரும்பிவிடுகிறது. பள்ளியில் காலை உணவும் சத்துணவும் எந்த நீரில் வேகின்றன என்பதும் இதே அளவு முக்கியம். சோற்றில் ஊறிய நீரும் குடித்த நீரே. கேழ்வரகு, கீரை, பால் ஆகியவற்றின் சுண்ணாம்புச் சத்து புளோரைடை உடல் உறிஞ்சுவதைக் குறைப்பதால், கேழ்வரகுக் களி உண்ணும் தருமபுரி வழக்கம் ஓரளவு துணை நிற்கும். தூய நீருக்கு அது ஈடாகாது. ஆகவே கிராம சபை கூடும்போது கேட்கவேண்டிய கேள்வி மிகச் சிறியது: பள்ளித் தொட்டியின் நீர் கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது, அதில் புளோரைடு எத்தனை மில்லிகிராம்?