உருக்கக் கொடுக்கும் முன் படித்துப் பாருங்கள்

காந்திகிராமம், சின்னாளபட்டிப் பக்கம் பழைய வெள்ளியை விற்கப் போனால், கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிராம்?" என்பதுதான். எடை போட்டு, கழிவு போக மீதிக்குப் பணம் தருவார்கள். பொருள் அன்றைக்கே உருக்கப் போய்விடும். கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் அந்தக் கணக்கு சரி. குலச்சின்னம் பொறித்த ஒல்லாந்து (நெதர்லாந்து) வெள்ளிக்கு அது சரிப்படாது.

எங்கள் தாத்தா கொழும்பில் ஒரு பறங்கியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்ட ஒல்லாந்தரின் வழிவந்த குடும்பம் அது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபின் பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தக் குடும்பமும் கிளம்பியது. போகும்போது தாத்தாவுக்குச் சில வெள்ளிக் கரண்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றை வைத்துத்தான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். கொழும்பு, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று பிழைப்புக்குப் போய்வந்த குடும்பங்களில் இப்படிப்பட்ட பொருள் இன்னும் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஹால்மார்க் முத்திரைகள் கரண்டியின் காம்புக்குப் பின்னால் கடுகளவில் இருக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். 1814 முதல் நெதர்லாந்து முழுவதற்கும் ஒரே முத்திரை முறை வந்தது. சிங்கத்தோடு 1 என்ற எண் இருந்தால் ஆயிரத்துக்கு 934 பங்கு வெள்ளி. 2 இருந்தால் 833. 1953-இல் இவை 925, 835 என்று மாறின. கூடவே மினர்வா தேவியின் தலை, ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, செய்தவரின் முத்திரை ஆகியவையும் இருக்கும். இங்கிலாந்து வெள்ளியிலும் சிங்கம் உண்டு. அதில் இந்த எண் இருக்காது. 1814-க்கு முந்தியது என்றால் ஊரின் சின்னத்தைத் தேடுங்கள். ஆம்ஸ்டர்டாமுக்குக் கிரீடத்தின் கீழ் மூன்று பெருக்கல் குறிகள். இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் தென்பட்டால் அது வெறும் வெள்ளி முலாம்.

அரம் வைக்க விடாதீர்கள்

தரம் பார்க்க அரத்தால் கீறி ஆசிட் விடுவது பட்டறை வழக்கம். அதற்குப் பதில் வீட்டிலேயே சோதிக்கலாம். எலக்ட்ரானிக் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் கரண்டியின் எடையை வகுங்கள். 52 கிராம் கரண்டிக்குத் தராசு 5.1 காட்டினால் விடை 10.2, அது 833 தர வெள்ளிக்குப் பொருந்தும். 9-க்குக் கீழே வந்தால் ஜெர்மன் சில்வரோ பித்தளையோதான். கத்திகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அவற்றின் பிடிக்குள் அரக்கு மாதிரிப் பொருள் அடைத்திருக்கும்.

சின்னத்தைப் படிக்கும் விதம்

டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள்; இல்லாவிட்டால் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். தேய்ந்த கோடுகூடத் தெரியும். குலச்சின்னத்தின் கேடயத்துக்குள் இருக்கும் மெல்லிய கோடுகள் அலங்காரத்துக்கு இட்டவை அல்ல. அவை நிறங்களைச் சொல்லும். நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. 17-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பா முழுவதும் பரவிய வழக்கம் இது. எங்கள் கரண்டியில் கோடுகளை இப்படிப் படித்தபோது நீலக் கேடயமும் பொன் நட்சத்திரங்களும் கண்முன் வந்தன. அதைவிட இனிய பொழுது எனக்கு வாய்த்தது குறைவு.

இரண்டு கேடயங்கள் அருகருகே இருந்தால் பெரும்பாலும் அது கல்யாணத்துக்குச் செய்தது. சாய்சதுர வடிவம் பெண்ணுக்குரியது. சின்னம் இருப்பதாலேயே பிரபுக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒல்லாந்தில் வணிகரும் கைவினைஞரும்கூடத் தங்களுக்கென்று சின்னம் வைத்துக்கொண்டார்கள். குடும்பத்தைத் தேட ரீட்ஸ்டாப் தொகுத்த குலச்சின்ன அகராதி உதவும். இலங்கைக் குடும்பம் என்றால் 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கத்தின் இதழ்களில் வம்சாவளிகள் உள்ளன. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள ஒல்லாந்தர் கல்லறைகளைப் போய்ப் பாருங்கள். இதே கேடயங்களைக் கல்லில் பெரிதாகப் பார்த்தால் கண் பழகிவிடும்.

தேய்க்காதீர்கள்

விபூதி, பல்பொடி, புளி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கோடு ஆழம் குறையும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்தால் பளிச்சென்று ஆகும். ஆனால் கோட்டுக்குள் தங்கிய கருமையும் போய்விடும். சின்னம் எடுப்பாகத் தெரிவதே அந்தக் கருமையால்தான். மெல்லிய சோப்பு நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். நான் எங்கள் ஊர்க் கதர்த் துணியில் சுற்றி வைக்கிறேன். ரப்பர் பேண்டும் கம்பளியும் பக்கத்தில் வரக்கூடாது. அவற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

விற்பதானால்

நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. உள்நாட்டில் விற்றாலும் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, எடை, முத்திரை, சின்னம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பேசுங்கள். எடைக்கு மேல் விலை கேட்க உங்களுக்கு உள்ள ஆதாரம் அதுதான். அதோடு, அந்தப் பொருள் யார் கையிலிருந்து எப்படி வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். முத்திரையை எந்த நிபுணரும் பிற்பாடு படித்துச் சொல்லலாம். கைமாறிய கதை வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.