மழைக்கு முன் டிஸ்க் பேடைக் கழற்றிப் பாருங்கள்

புரட்டாசி முடியப் போகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரையிலும், படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரையிலும் டிஸ்க் பிரேக் வைத்த கியர் சைக்கிளில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஏராளம். அடைமழை பிடிப்பதற்குள் அவர்கள் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுதான்: இரண்டு சக்கரங்களின் பிரேக் பேடையும் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் சரியானதை வாங்கிப் போடுவது.

இந்தச் சாலைகளில் சைக்கிள்காரருக்குக் கிடைப்பது இடது ஓரம். லாரி டயர்கள் ஒதுக்கிவிட்ட மணலும், நின்று போன கனரக வண்டிகள் சொட்டிய எண்ணெயும் சேருகிற இடமும் அதுதான். முதல் மழையில் இரண்டும் குழம்பிச் சக்கரத்தோடு சுற்றி டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எதிரில் எதையோ பார்த்து லீவரை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் சைக்கிள் 7 மீட்டர் ஓடிவிடும். நல்ல பேட் பிடித்தால் அதன்பின் ஏறக்குறைய 5 மீட்டரில் நிற்கலாம். பிடி பாதியாகக் குறைந்தால் 10 மீட்டர் வேண்டும். முன்னால் போகும் டிரெய்லர் சட்டென்று நிற்கும்போது அந்த 5 மீட்டர் வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். அப்படிப்பட்ட வண்டிகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் நாள்தோறும் தயாராகின்றன. வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. அந்த வண்டிகளைப் பூட்டித் தரும் கைகள் வீடு திரும்பும் சைக்கிளில், பாலிதீன் பையில் வாங்கிய பெயரில்லாத பேட் இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210, பிரேக்கை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் தனித்தனியே சோதிக்கச் சொல்கிறது. ஆனால் அது சைக்கிளுக்கான சோதனை. பிறகு நாம் மாற்றிப் போடும் பேட் எந்தச் சோதனையைத் தாண்டி வந்தது என்பதற்கு, பெயரில்லாத பையில் ஓர் எழுத்துச் சான்றும் இருக்காது.

முதலில் தேய்மானம். பேட் என்பது ஓர் இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும். புதிதில் அந்த உராய்வுப் பொருள் சுமார் 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அரை மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும் என்கிறது பிரேக் தயாரிக்கும் சிமானோ நிறுவனம். தகட்டையும் சேர்த்து 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது மற்றொரு பிரேக் நிறுவனமான ஸ்ராம். மழைக்காலத்துக்கு இந்த அளவுகளைக் கடைசி எல்லையாகவே கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் இப்போதே மாற்றுங்கள், ஏனென்றால் சேற்று மணல் கலந்த தண்ணீரில் பேட் கரையும் வேகம் கோடையில் பார்த்ததுபோல் இருக்காது.

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய லீவர் கைப்பிடிக்கு அருகே வரும். அதாவது பிரேக்கே நமக்கு எச்சரிக்கை தருகிறது. நம் ஊரில் விற்கும் விலை குறைந்த மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றில் பலவற்றில் ஒரு பேட் மட்டுமே நகரும். மற்றது அசையாமல் நிற்கும். நகரும் பேட் டிஸ்க்கை அந்தப் பக்கம் தள்ளி அழுத்தும். அதனால் கேபிளை மட்டும் இழுத்து டைட் வைத்தால் போதாது. உள்பக்கத் திருகைத் திருப்பி நிற்கும் பேடையும் டிஸ்க் அருகே கொண்டுவர வேண்டும். கேபிள் உறைக்குள் துரு ஏறியிருந்தால் அதையும் மாற்றுங்கள், செலவு சொற்பம். ஹைட்ராலிக் பிரேக்கின் கதை வேறு. பேட் தேயும்போது பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். லீவரில் பெரிய மாற்றம் தெரியாது. கடைசியில் இரும்புத் தகடே டிஸ்க்கில் உரசும் சத்தம் கேட்கும்போதுதான் தெரியவரும். விலை கூடிய பிரேக்தானே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும்.

இனி வாங்குவது. கடைக்குப் போய் “டிஸ்க் பேட் ஒரு செட்” என்று கேட்காதீர்கள். பேடைத் தாங்கியிருக்கும் கேலிப்பரின் மேல் பொறித்திருக்கும் பெயரையும் மாடல் எண்ணையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய பேடையே கையில் எடுத்துப் போங்கள். சிமானோவின் எம்டி200 போன்ற கேலிப்பர்களுக்கு பி01எஸ், பி03எஸ், பி05எஸ் என்ற வடிவங்கள் பொருந்தும். வேறு வடிவத்தை அரத்தால் ராவிப் பொருத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மோட்டார் பைக் பேடை வெட்டிப் போடுவதும் கூடாது.

அடுத்து டிஸ்க்கைப் பாருங்கள். பல டிஸ்க்குகளில் “ரெசின் பேட் ஒன்லி”, அதாவது பிசின் கலந்து செய்த பேட் மட்டும், என்று பொறித்திருக்கும். அதன் உலோகம் மென்மையானது. அதில் உலோகத் தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேடைப் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துபோகும். டிஸ்க்குக்கும் கடைசிக் கனம் உண்டு: சிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5 வந்தால் மாற்ற வேண்டும். அந்த எண் டிஸ்க்கிலேயே இருக்கும்.

ரெசின் நல்லதா, உலோகம் நல்லதா? ரெசின் பேட் சத்தமில்லாமல், குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். ஈர மணலில் வேகமாகத் தேயும். சின்டர்டு பேட் ஈரத்திலும் சேற்றிலும் நெடுநாள் உழைக்கும், ஆனால் சத்தம் போடும். நம் பகுதி சமதரை, சூட்டைப் பற்றிய கவலை இங்கே இல்லை. ஆகவே என் பரிந்துரை: டிஸ்க் அனுமதித்தால் மழைக்காலத்துக்குச் சின்டர்டு அல்லது செமி மெட்டாலிக், அனுமதிக்காவிட்டால் பெயருள்ள நிறுவனத்தின் ரெசின் பேட் போட்டு, டிசம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கனத்தைப் பாருங்கள். விடுமுறையில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ போகிறவர்கள் அதே தேய்ந்த ரெசின் பேடோடு போகக் கூடாது.

பிரபல பெயர்களில் போலிப் பேடுகளும் விற்பனைக்கு வருகின்றன. அட்டையில் அச்சு மங்கியிருந்தால், பேடின் பின்தகட்டில் எண் எதுவும் இல்லையென்றால், விலை மற்ற கடைகளைவிட மிகவும் குறைந்தால் வாங்க வேண்டாம். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

புதுப் பேடை ஒரே நாளில் கெடுத்துவிடும் ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிரீச்சென்று சத்தம் வந்ததும் எண்ணெய் விடுவது. டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிடி போய்விடும். வாட்டர் வாஷ் முடிந்தபின் பளபளப்புக்காக டீசலோ எண்ணெயோ தெளிக்க விடாதீர்கள். செயினுக்கு எண்ணெய் போடும்போது துணியில் நனைத்துத் துடையுங்கள், ஸ்பிரே அடிக்க வேண்டாம். டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். பேடில் ஊறிவிட்டால் அதைத் தூக்கிப் போடுவதே சரி. அடுப்பில் காட்டி எரித்து மீட்கும் வித்தையை நம்பாதீர்கள்.

பேட் தூளை வாயால் ஊதவோ, காற்றடித்து விரட்டவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸின் பயன்பாடு இந்தியாவில் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. பெயரில்லாத பேடில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்களே மாற்றுவதானால், ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றிய பிறகு லீவரை அழுத்தாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிளாஸ்டிக் டயர் லீவரால் பிஸ்டனைப் பின்னே தள்ளிவிட்டுப் புதியதைச் செருகுங்கள். பேடின் முகத்தில் விரல் படக் கூடாது. பூட்டும் ஊசியை மறக்காமல் மாட்டுங்கள். சக்கரத்தை மாட்டிய பிறகு லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திய பின்னரே ஏறி உட்காருங்கள். முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காது. பிறகு வண்டி வராத தெருவில் மிதமான வேகமெடுத்து, சக்கரம் லாக் ஆகாமல், நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக் பிடியுங்கள். இப்படி 20 முறை, கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இன்னும் 10 முறை. இதைச் செய்யாத புதுப் பேட் முழுப் பிடி தராது.

மழையில் போகும்போது தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் லீவரை லேசாக அழுத்தி டிஸ்க்கைத் துடைத்துக்கொள்ளுங்கள். பின் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவினருக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 15க்குள் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மெக்கானிக்கை உட்கார வையுங்கள். பேட் தீர்ந்துபோன சைக்கிள்களைத் தனியே நிறுத்தி, உரியவரிடம் அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.