ஒரே தூரம், இரண்டு கடிகாரம்

துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு நம் தென்காசி வட்டாரத்தில் குறைவு. அந்த உறவை வைத்து முருங்கைக்காய், கறிவேப்பிலை அனுப்பலாமா என்று விசாரிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று கேட்டால், சீட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் கழித்துச் சொல்கிறார்கள். கணக்கு பிசகுவது அங்கேதான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950. தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். சென்னையில் இரவு 11.30க்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் காலை 6க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4க்குப் புறப்படுவது துபாயில் 6.30க்கு இறங்கும். கழித்துப் பார்த்தால் ஒன்று ஆறரை மணி, மற்றது இரண்டரை மணி. உண்மையில் இரண்டுமே நான்கு மணி நேரப் பறப்பு.

சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தி. துபாய் ஒன்றரை மணி பிந்தி. கிழக்கே போனால் அந்த வித்தியாசத்தைக் கழிக்கவேண்டும், மேற்கே போனால் கூட்டவேண்டும். இவ்விரு ஊர்களிலும் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். லண்டன் அப்படியல்ல, குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி பிந்தி.

சீட்டு கையில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தூரத்தை 850ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் போதும். 2,950க்கு மூன்றரையும் அரையும் நான்கு. காற்றைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். குளிர்காலத்தில் மேல்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் துபாயிலிருந்து திரும்புவது சீக்கிரம்.

தேதியில்தான் பெரிய ஆபத்து. வெள்ளிக்கிழமை 00.30 என்று போட்டிருந்தால் அது வியாழன் இரவு கழிந்த பன்னிரண்டரை. வெள்ளி இரவு என்று எண்ணி வண்டி ஏற்றினால் விமானம் முதல் நாளே போயிருக்கும். கறிவேப்பிலை கூடையிலேயே கறுக்கும்.

சரக்குக்கு அந்த நான்கு மணி சொற்பம். பாவூர்சத்திரத்தில் வாங்கி, தரம் பிரித்து, பெட்டி கட்டி, செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதையில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகவேண்டும். பயிர்நலச் சான்று, சுங்கச் சோதனை உண்டு. விமானம் கிளம்பப் பல மணி முன்னரே சரக்கை ஒப்படைக்கவேண்டும். இறங்கிய ஊரிலும் சோதனை. நேர் விமானம் இல்லாமல் வேறு ஊரில் மாற்றினால் அங்கே ஓர் இரவு கிடக்கக்கூடும். எனவே சரக்கு முகவரிடம் பறக்கும் நேரத்தைக் கேட்பதைவிட, "கடைசியாக எத்தனை மணிக்குள் ஒப்படைக்கவேண்டும், அங்கே எத்தனை மணிக்குக் கைக்குக் கிடைக்கும்?" என்று கேளுங்கள்.

தொலைபேசிக்கும் இதே கணக்குதான். சிங்கப்பூர்க் கடைக்காரர் காலை 9 மணிக்குப் பேசினால் நமக்கு 6.30; துபாய்க்காரர் 9 மணிக்குப் பேசினால் 10.30. அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள்.