கெட்டிக்காரரின் நாவு

ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒரு வீட்டார் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்கள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் மகன் மிகக் கெட்டிக்காரர், தொழுகையும் விடுவதில்லை. ஆனால் தமக்குக் கீழுள்ள பையன்கள் பிழை செய்துவிட்டால் போனிலேயே தாயைச் சேர்த்து ஏசுகிறார். கேட்டால், இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் என்கிறாராம்.

அது முழுப்பொய்யுமல்ல. 1991-ல் லினக்ஸைத் தொடங்கிய பின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ், பிறர் எழுதியதில் குறை கண்டால் கடுஞ்சொல்லால் சாடுவதில் பேர்போனவர். ஆனால் அவரே 2018 செப்டம்பரில் தம் பேச்சுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பொறுப்பிலிருந்து ஒதுங்கி நின்றார். மகனார் காட்டும் ஆதாரம் கைவிட்டுப் போயிற்று!

பிழையைத் திருத்தத்தான் வேண்டும். எப்படி? முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், தொழுகையில் ஒருவர் தும்மியதற்குச் சப்தமாகத் துஆச் செய்துவிட்டார்கள். உடன் தொழுதவர்கள் முறைத்தார்கள், தொடையில் தட்டினார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு ஆகாது. தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலுமே அதிலுள்ளவை என்று விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசானை முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்கிறார் அந்த ஸஹாபி. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. பிழையைப் பற்றிப் பேச்சு உண்டு. பிழை செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தாயைச் சேர்த்து ஏசுவதோ மிகவும் பாரதூரமானது. ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரலி) அவர்களிடமே, ஜாஹிலிய்யத்தின் குணம் இன்னும் இருக்கிறதென நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கற்புள்ள பெண்மீது சாட்சியின்றி விபசாரப் பழி சுமத்துவோருக்குச் சூரத்துந் நூர் 80 கசையடி விதிக்கிறது. ‘வெறும் வாய்ப்பழக்கம்’ என்று சொல்லி விளையாடக்கூடிய இடமா இது? காப்பித் தோட்டத்து மேஸ்திரி தமிழில் ஏசினால் முகம் சுளிக்கிறோம். அதையே பிள்ளை இங்கிலீஷில் ஏசினால் படிப்பின் மிடுக்கு என்றிருந்து விடுகிறோம்.

தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியதால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பறிகொடுப்பவனே முப்லிஸ் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. இது அடியார்களின் ஹக்கு. அல்லாஹ்விடம் தவ்பாச் செய்வதோடு, ஏசப்பட்ட பையனிடமும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். பத்துப்பேர் கேட்க ஏசியிருந்தால், அந்தப் பத்துப்பேர் கேட்கவே மன்னிப்புக் கோரட்டும். பையன் வேலையை விட்டுப் போயிருந்தால் அவன் நம்பரைத் தேடிப் பிடிக்கட்டும்.