மலிவு எங்கிருந்து வந்தது?

கேள்வி: 1950-களில் அமெரிக்காவில் ஒரே ஒரு டாலரை வைத்துக்கொண்டு சினிமா பார்த்து, காபி குடித்து, பேப்பரும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம் என்று ஒரு விலைப்பட்டியல் கைபேசியில் சுற்றி வருகிறது. எங்கள் வீட்டுப் பெரியவரும் அதே காலத்தில் மதுரையில் நாலணாவுக்குப் படம் பார்த்ததாகச் சொல்கிறார். அத்தனை மலிவு எப்படி வந்தது? பிறகு எங்கே போனது?
- வாசகர், செல்லூர், மதுரை

பதில்: அந்தப் பட்டியலில் இருக்கும் விலைகள் பெரும்பாலும் சரியானவைதான். பெரியவர் சொல்லும் நாலணாவையும் சந்தேகிக்க வேண்டாம். பட்டியலில் இல்லாதது ஒன்று உண்டு: கூலி. 1956 மார்ச்சில் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர் ஆயிற்று. அங்கே சினிமா டிக்கெட் ஏறக்குறைய அரை டாலர். ஆக, அரை மணி நேர உழைப்புக்கு ஒரு படம். இங்கே 1956-57-இல் மத்திய அரசு நடத்திய இரண்டாவது விவசாயத் தொழிலாளர் விசாரணையின்படி, அன்றாடக் கூலிக்குப் போகும் ஓர் ஆணுக்கு நாடு முழுவதும் சராசரியாகக் கிடைத்தது 96 பைசா. பெண்ணுக்கு 59 பைசா. நாலணா என்பது 25 பைசா. அப்படியானால் அந்த ஆண் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றால்தான் ஒரு நாலணா டிக்கெட்; பெண் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். அப்போது ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. அமெரிக்கத் தொழிலாளியின் ஒரு மணி நேரக் கூலி, நம் ஊர்க் களத்துமேட்டில் ஐந்து நாள் கூலி. (அமெரிக்காவிலும் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சட்டம் 1966 வரை எட்டவில்லை. அங்கேயும் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு.) இன்னொரு கணக்கும் பாருங்கள். 1950-51-இல் நடந்த முதல் விசாரணையில், விவசாயக் கூலிக் குடும்பம் தன் செலவில் 85 விழுக்காட்டைச் சாப்பாட்டுக்கே கொடுத்தது தெரிந்தது. அதே 1950-இல் அமெரிக்க நகரத்துக் குடும்பம் சாப்பாட்டுக்குச் செலவிட்டது ஏறக்குறைய 30 விழுக்காடு. இரண்டு ஊரிலும் விலைகள் சின்ன எண்களாகத் தெரிகின்றன என்பதற்காக இரண்டையும் ஒரே வகை மலிவு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். அங்கே பொருளை ஏராளமாகச் செய்து தள்ளியதால் வந்த மலிவு. இங்கே உழைப்புக்குக் கொடுத்தது குறைவு என்பதால் வந்த மலிவு.

இந்த இரண்டாவது மலிவு எப்படி உண்டானது என்பதைப் பார்க்கச் செல்லூரை விட நல்ல இடம் இல்லை. வைகையின் வடகரையில், தறிச் சத்தத்தை வைத்தே தெருவை அடையாளம் சொல்லக்கூடியதாக இருந்த பகுதி அது. ஒரு கைத்தறிச் சேலையின் விலையில் நெய்பவரின் கூலி மட்டுமே தனியாகத் தெரியும். குழித்தறியில் அவர் கால் மிதிப்பதற்கு முன்னால் நூலைச் சிக்கெடுத்து ராட்டில் தார் சுற்ற வேண்டும்; விடிவதற்குள் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்ற வேண்டும்; அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். இதெல்லாம் மனைவியும் பிள்ளைகளும் வயதானவர்களும் செய்யும் வேலை. கூலி என்னவோ ஒன்றுதான். நெய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று முதலாளியோ சங்கமோ கொடுப்பது. நான்கு பேர் உழைத்து ஒருவர் பெயரில் கூலி வாங்கினால் துணி மலிவாகத்தானே இருக்கும்? அந்த மலிவு கடைக்காரர் கொடுத்த தள்ளுபடி இல்லை. தார் சுற்றிய சிறுமிக்குக் கொடுக்காமல் விட்டது. நூல் விலை ஏறினால் நெசவாளியின் தலையில், துணி விலை இறங்கினாலும் நெசவாளியின் தலையில் என்பதுதான் அந்தத் தொழிலின் நடைமுறையாக இருந்தது.

1952-இல் அந்தத் தலை தாங்கவில்லை. கொரியப் போர்க்கால ஏற்றம் அடங்கி, மாநிலம் முழுவதும் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியது. முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று டெல்லியிடம் கேட்டார். அவருடைய அரசியல் எதிரிகளான அண்ணாவும் தி.மு.க.வினரும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். அந்த ஆண்டே அகில இந்தியக் கைத்தறி வாரியம் வந்தது. 1953-இல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அதாவது காலணா, கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பிவிடச் சட்டம் செய்தார்கள். ஆட்சியிலிருந்தவரும் எதிரே இருந்தவரும் ஒரே கவலையில் சேர்ந்த அபூர்வமான சமயம் அது. துணி மலிவு என்று நாம் இன்று ஏங்கும் ஆண்டும் அதுதான். பின்கதையாக ஒன்று: 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களிடையே சாயம் போகும் 'மெட்ராஸ்' கட்டத்துணிச் சட்டை பெரிய மோகமாயிற்று. துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும் அந்தக் குறையையே சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நம் ஊரில் கைலியின் சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

சரி, கூலி அவ்வளவு குறைவு என்றால் மதுரைக்காரர்கள் இத்தனை படம் பார்த்தது எப்படி? உங்கள் கேள்வியின் சுவையான பகுதி இதுதான். மதுரை ராயல் டாக்கீஸ் எடுத்த 'சிந்தாமணி' 1937-இல் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியது. அதில் வந்த லாபத்தில் ஒரு தியேட்டரையே கட்டி, படத்தின் பெயரையே வைத்தார்கள். 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு திறந்தது. 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமையடித்துக்கொண்டது. டிக்கெட்டைச் சின்னக் காசுக்குக் கொடுக்க முடிந்ததன் சூட்சுமம் அந்த இருக்கைக் கணக்கில் இருக்கிறது. ஒரு படப்பெட்டி, ஒரு திரை, ஒரு காட்சிக்கு இரண்டாயிரம் தலை. செலவு அத்தனை பேருக்கும் பிரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதே பத்தாண்டில் நேர்மாறாக நடந்தது. 1950-இல் பத்து வீட்டுக்கு ஒன்று என்ற அளவில்கூட இல்லாத டெலிவிஷன், 1960-க்குள் பத்தில் ஒன்பது வீட்டை நெருங்கிவிட்டது. அங்கே பொழுதுபோக்கு ஊரிலிருந்து வீட்டுக்குள் போனது. இங்கே அது வீட்டுக்குள் வர வழியில்லாததால் ஊருக்கு நடுவே தங்கியது.

செய்தித்தாளும் இதே பாதையில்தான் வந்தது. 1942 நவம்பர் 1-ஆம் தேதி சி.பா. ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கிய ஊர் சென்னை இல்லை, மதுரை. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் பிறர் படிக்கக் கேட்பவருக்கும் புரிய வேண்டும் என்று சின்ன வாக்கியங்களும் பெரிய தலைப்புகளுமாக எழுதிய பேப்பர் அது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பெஞ்சில் இருப்பவர்கள் கேட்டார்கள். பேப்பரின் தாள்கள் தனித்தனியாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகக் கைமாறின. ஒரு பிரதியின் விலையைப் பத்துப் பேர் பங்கிட்டார்கள். அந்தப் பங்கும் டீயின் விலைக்குள் அடங்கிவிட்டது. ரேடியோவுக்கும் அதே கதை. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் வந்துவிட்டது. மதுரைக்கென்று தனி நிலையம் 1987-இல்தான். நடுவில் இருந்த காலத்தில் ஒரு ரேடியோப் பெட்டி சில நூறு ரூபாய். முந்நூறு என்றே வைத்துக்கொண்டாலும் விவசாயக் கூலியாளுக்கு முந்நூறு நாளுக்கு மேற்பட்ட முழுச் சம்பாத்தியம். போதாததற்குத் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். அதனால் பஞ்சாயத்து ரேடியோவின் அடியிலும் பூங்காவின் ஒலிபெருக்கி அடியிலும் உட்கார்ந்து கேட்டார்கள். கைபேசியில் சுற்றும் பட்டியலில் சினிமாவும் பேப்பரும் காபியும் இருக்கும். ரேடியோப் பெட்டி இருக்காது. சேர்ந்து அனுபவிக்க முடிந்தவை மட்டுமே மலிவு. தனியாக வாங்க வேண்டியிருந்தவை எட்டாக் கனி.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களே அதை மலிவுக் காலம் என்று நினைக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. தங்கம் தியேட்டரின் முதல் படமே, மதுரையில் தாலியறுத்த ஒரு பெண் இட்லிக் கடை வைத்துப் பிழைக்கப் படும் பாட்டைச் சொல்வது. பட்டினியைப் பற்றிய அதன் வசனங்களுக்குக் கொட்டகை அதிர்ந்தது என்றால், உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கதையாகப் படவில்லை என்று பொருள். 1939-இல் போர் தொடங்கியபோது 100 என்று குறித்த மொத்த விலைக் குறியீடு 1950-51-இல் 400-ஐத் தாண்டியிருந்தது. பதினோரு ஆண்டில் நான்கு மடங்கு! அன்றைய தாத்தாக்கள் 'சண்டைக்கு முன்னால் விற்ற விலை என்ன, இன்று விற்கிற விலை என்ன' என்று புலம்பியிருப்பார்கள். ஆலைத் தொழிலாளிகள் பஞ்சப்படிக்காகப் போராடியதும், ராஜாஜி 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதைப் பெரிய விடுதலையாகக் கொண்டாடியதும் இந்தப் பின்னணியில்தான். 1967-இல் ஓர் ஆட்சியே மாறியதில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அரிசி மலிவாகக் கிடைத்த ஊரில் அப்படி ஒரு வாக்குறுதிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

இதற்கு மறுப்பு சொல்ல இடமிருக்கிறது. தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் 10 கிராம் ஏறக்குறைய 100 ரூபாய்; ஒரு சவரன் 80 ரூபாய். அன்றைய விவசாயக் கூலி 109 பைசா என்பதால், எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு நாள் கூலி ஒரு சவரன். 2025 ஜனவரியில் சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அரசின் நூறு நாள் வேலைத் திட்டத்தில் அப்போதைய நாள் கூலி 319 ரூபாய். கணக்குப் போட்டால் 188 நாள். உழைப்பை வைத்து அளந்தாலும் தங்கம் அன்று மலிவுதான், மறுக்க முடியாது. செல்லூரில் ஒரு சென்ட் நிலத்தின் கதையும் அப்படித்தான். ஆனால் 1950-இல் எழுபது நாள் கூலியைச் செலவழிக்காமல் ஒதுக்கி வைக்க யாரால் முடிந்தது? நூறில் எண்பத்தைந்து சாப்பாட்டுக்கே போன வீட்டில், மீதிப் பதினைந்தில் துணி, விளக்கெண்ணெய், வைத்தியம், திருவிழா எல்லாம் அடங்க வேண்டும். தங்கம் மலிவாக இருந்தது, வாங்கும் நிலையில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு. சராசரிக் கூலி எல்லோருக்கும் பொருந்தாது என்ற மறுப்பும் நியாயமானதே. மில் வேலையிலும் அரசு உத்தியோகத்திலும் இருந்தவர்கள் மாதச் சம்பளத்தில் கௌரவமாக வாழ்ந்தார்கள். பழைய விலைகளை ஆசையோடு நினைவுகூர்கிறவர்களில் அந்தக் குடும்பங்களின் குரல் ஓங்கி ஒலிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இன்னொன்று, 1950-களின் விலையை இன்று நினைவிலிருந்து சொல்பவர்கள் எல்லோரும் அப்போது சிறுவர்கள். அவர்கள் கையிலிருந்த காலணா அப்பாவோ மாமாவோ கொடுத்தது. அதற்காக அவர்கள் தறிக்குழியில் இறங்கவில்லை. அவர்கள் சொல்லும் விலையை நம்பலாம். மலிவா இல்லையா என்ற தீர்ப்பை, அன்று அரிசி வாங்கியவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே மலிவு எங்கே போனது என்ற கேள்விக்கு நேரடியான பதில்: பாதி, கூலியாக மாறிப் போனது, அதற்காக வருந்த வேண்டியதில்லை. மறு பாதி, பெரிய கொட்டகையும் டீக்கடை பெஞ்சும் பூங்கா ரேடியோவுமாக இருந்தது, வீட்டுக்கொரு பெட்டியும் கைக்கொரு கைபேசியும் வந்தபோது கரைந்தது. அதற்காக வருந்தினால் தவறில்லை.

கேள்வி: அணாவை ஒழித்துப் பைசா கொண்டுவந்ததுதான் விலை ஏறியதற்குக் காரணம் என்கிறாரே எங்கள் வீட்டுப் பெரியவர்? (அதே வாசகர்)

பதில்: கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம்தான். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசா என்று ஒரு நாணயம் கிடையாது. அதனால் அரசின் மாற்றுப் பட்டியல் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று முழு எண்ணாக்கியது. இரண்டணாவின் சரிக்கணக்கு பன்னிரண்டரை; பட்டியல் அரையைத் தள்ளியது, தபால் துறையோ 13 நயா பைசாவுக்குத் தபால்தலை அச்சிட்டது. அரசே அப்படி என்றால் பெட்டிக்கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த அரைப் பைசாக்கள் எரிச்சலூட்டின, உண்மை. ஆனால் 1960-களில் ஏறிய விலைக்குப் போர்களும் வறட்சியும் 1966-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும்தான் காரணங்கள். 'நயா' என்ற அடைமொழி 1964 ஜூன் 1-ஆம் தேதி நீங்கியது. நாலணாக் காசு 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயிற்று. எட்டணாவாகிய 50 காசு சட்டப்படி இன்னும் செல்லும். பெரியவரிடம் நாணயம் இருந்தால் தாராளமாகக் கடையில் கொடுக்கச் சொல்லுங்கள், வாங்க மறுக்கக் கடைக்காரருக்கு உரிமையில்லை.